திருகோணமலையில் வைஃபை படுத்தால்: சிமுலேஷனை வைத்துப் பிழை பிடிக்கும் முறை

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சில கெஸ்ட் ஹவுஸ்கள், நகருக்குள் ஒரு ரியூட்டரி, இரண்டு மூன்று கடைகள். இவற்றின் வைஃபையைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. ஏப்ரலில் சீசன் தொடங்கினால் செப்டெம்பர் வரை ஃபோன் ஓயாது. "தம்பி, நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்றுதான் எல்லா அழைப்பும் தொடங்கும். கோளாறுகள் என்னவோ ஏழெட்டுத்தான். அவையே ஆள் மாற்றி ஆள் வீட்டில் வந்துகொண்டிருக்கின்றன.

ஆரம்பத்தில் நானும் ரூட்டரை நிறுத்திப் போட்டுப் பார்த்து, சரிவராவிட்டால் இன்னொரு அக்சஸ் பொயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கட்டடத்தைக் கணினியில் வரைந்து, இன்ன இடத்தில் சிக்னல் இவ்வளவு வர வேண்டும் என்று முதலில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். பிறகு அதே இடத்தில் போய் நின்று அளக்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் கோளாறு நாம் வைத்த விதத்தில் இருக்கிறது: தூரம், சுவர், சனல் (பெட்டி பேசும் அலைப் பாதை), ஆள் கணக்கு. ஒத்துப்போகாவிட்டால் கணினிக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே நிற்கிறது: தண்ணீர், துரு, தகரம், பழுதான வயர். எந்தப் பக்கம் தேடுவது என்று அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சொல்லிவிடும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டடத்தின் வரைபடம் ஒன்று வேண்டும். வரைபடம் இல்லாத வீடுதான் நம் ஊரில் அதிகம். டேப் பிடித்து அளந்து நாமே வரைந்துகொள்ளலாம். யூனிஃபை, ஒமாடா போன்றவற்றோடு வரும் திட்டமிடும் கருவிகளுக்குத் தனிக் காசு இல்லை. சுவரை வரைந்து, அது எதனால் ஆனது என்று சொன்னால், சிக்னல் எங்கே எவ்வளவு என்று நிறம் நிறமாகக் காட்டும். எகஹாவ் போன்ற விலை கூடியவை பெரிய ஹோட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சரி. பத்து அறை கெஸ்ட் ஹவுஸுக்குத் தேவையில்லை.

அதுவும் வேண்டாம் என்றால் எக்செல் போதும். நான் வைத்திருக்கும் கணக்கு இது. வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசையில், 5 கிகாஹேர்ட்ஸில் முதல் மீற்றரிலேயே 47 டெசிபெல் சிக்னல் போய்விடும், 2.4இல் 40. அதற்குப் பிறகு தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6. சீமெந்துக் கல் சுவர் ஒன்றுக்கு 8 முதல் 10, மரக் கதவுக்கு 3 அல்லது 4, மேலே பிளேட் போட்டிருந்தால் 15 முதல் 20. அக்சஸ் பொயின்ட் 20 டிபிஎம்மில் (சிக்னல் சக்தியின் அளவு; கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்) அனுப்புகிறது என்று வைத்து இவற்றையெல்லாம் கழித்தால் வருவதுதான் எதிர்பார்க்கும் சிக்னல். -67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். -75இல் வாட்ஸ்அப் தகவல் போகும், பொறுமையும் போகும். -80க்குக் கீழே இணைப்பு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

அளப்பதற்கு ஆண்ட்ரொய்டில் வைஃபை அனலைசர் ஒன்று இருந்தால் போதும். விண்டோஸ் லப்டொப் சதவீதமாகக் காட்டினால், அதை இரண்டால் வகுத்து 100ஐக் கழியுங்கள்; 60 சதவீதம் என்றால் -70 டிபிஎம். எல்லா இடத்தையும் ஒரே ஃபோனால் அளக்க வேண்டும். ஃபோனுக்கு ஃபோன் ஐந்தாறு டெசிபெல் வித்தியாசம் வரும். அதனால் முதலில் அக்சஸ் பொயின்ட்டுக்கு நேரெதிரே, நடுவில் ஒன்றும் இல்லாமல், 3 மீற்றர் தள்ளி நின்று அளந்துகொள்ளுங்கள். 5 கிகாவில் கணக்குப்படி அங்கே -37 அளவில் வர வேண்டும். உங்கள் ஃபோன் -42 காட்டினால் அந்த ஐந்து ஃபோனின் குணம். மற்ற எல்லா அளவிலும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: ஒரு மூலையில் மட்டும் சிக்னல் இல்லை

முதலில் சில்லறை விஷயங்கள். அக்சஸ் பொயின்ட்டை யாராவது டிவிக்குப் பின்னாலோ ஃபிரிட்ஜுக்கு மேலேயோ நகர்த்தி வைத்திருக்கிறார்களா? அன்டெனா கழன்று தொங்குகிறதா? அனுப்பும் சக்தி "குறைவு" என்று மாறியிருக்கிறதா? இவை ஒன்றுமில்லை என்றால் அந்த மூலைக்குக் கணக்குப் போடுங்கள்.

### கணக்கும் அளவும் ஒத்துப்போகிறது (வித்தியாசம் 6 டெசிபெலுக்குள்)

அப்படியென்றால் சாதனத்தில் பழுதில்லை. அந்த இடத்துக்கு அவ்வளவுதான் எட்டும். கணினியில் அக்சஸ் பொயின்ட்டை இரண்டு மீற்றர் அப்படி, மூன்று மீற்றர் இப்படி என்று நகர்த்திப் பாருங்கள். பல நேரம் சுவரைச் சாய்வாகக் கடந்துகொண்டிருந்த சிக்னல் நேராகக் கடக்கத் தொடங்கினாலே பிரச்சினை தீரும். நகர்த்தியும் ஆகவில்லை என்றால்தான் இன்னொன்று வாங்க வேண்டும். அதையும் எங்கே மாட்டினால் நல்லது என்று வரைபடத்தில் பார்த்த பிறகு வயர் இழுங்கள்.

### அளவு கணக்கை விட மோசம்

உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். வரவேற்பறையில் இருந்து பின்னறை 16 மீற்றர், நடுவில் இரண்டு சுவர். கணக்குப்படி -71. அளந்தால் -84. பதின்மூன்று டெசிபெல் எங்கே போனது என்று தெரியவில்லை. அக்சஸ் பொயின்ட்டை மாற்றிப் பார்த்தேன், அதே -84. மாலையில் திரும்பப் போய் அளந்தபோது -76 வந்தது. அதற்குப் பிறகுதான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். குளியலறைச் சுவருக்கு வெளியே, தாழ்வான மேடையில், 1000 லீற்றர் தண்ணீர்த் தொட்டி. காலையில் மோட்டர் போட்டு நிரப்புவார்கள். பொழுது சாய்வதற்குள் பாதி இறங்கிவிடும். "தண்ணிக்கும் வைஃபைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்று அந்த அக்கா நம்பவே இல்லை. தொட்டியை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. கணினியில் மூன்று இடங்களை வைத்துப் பார்த்து, தொட்டியை விலக்கிப் போகும் கோடு வருகிற விறாந்தைத் தூணில் அக்சஸ் பொயின்ட்டை மாட்டினோம். செலவு ஒன்பது மீற்றர் வயர்.

தண்ணீர் இல்லாவிட்டால் இரும்பைத் தேடுங்கள். தகரக் கூரை, இரும்பு அலுமாரி, ஆளுயரக் கண்ணாடி, கதவுக்கு அடித்த தகடு. கிடுகு வேய்ந்த கபானாவுக்கு வெயில் காலத்தில் பிரச்சினையே இராது. மழையில் நனைந்த கிடுகு வேறு மாதிரி நடந்துகொள்ளும். மார்கழி மாரியில் ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால் பிறகு உதவும்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

3 மீற்றரில் நேரெதிரே நின்றும் கணக்கை விட 15 டெசிபெலுக்கு மேல் குறைவாக வந்தால், வேறு ஃபோனிலும் அப்படியே வந்தால், ரேடியோவோ அன்டெனாவோ போய்விட்டது. திறந்து பார்ப்பதில் பயனில்லை. உத்தரவாதம் இருந்தால் கொடுத்து மாற்றுங்கள்.

## அறிகுறி 2: சிக்னல் முழுதாக இருக்கிறது, வேகம் இல்லை

அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். நாலு கோடும் நிறைந்து நிற்கும், யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் அறை முழுக்கப் பச்சையாக இருக்கும். கணக்கும் அளவும் ஒத்துப்போகிறது. ஆகவே சுவரையும் தூரத்தையும் மறந்துவிடுங்கள்.

### வயரில் சொருகினாலும் மெதுவா?

லப்டொப்பை ரூட்டரில் நேராக வயர் போட்டுச் சோதியுங்கள். அங்கேயும் மெதுவென்றால் வைஃபைக்குச் சம்பந்தமில்லை. இணைய இணைப்பு தந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதுதான்.

ரூட்டரில் வேகம் இருந்து, அக்சஸ் பொயின்ட் வரை போகும் வயரின் முனையில் இல்லையென்றால் வயரைச் சந்தேகப்படுங்கள். சுவிட்ச் 1000க்குப் பதிலாக 100 என்று இணைந்திருந்தால் எட்டு நூலில் ஏதோ ஒன்று விட்டிருக்கிறது. கடற்கரையோரம் இது சாதாரணம். உப்புக்காற்றில் பிளக்கின் முனைகள் பச்சை பிடிக்கும். வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் பண்ணினால் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் வயரின் உள்ளே சுரண்டிப் பாருங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் முழுவதையும் இழுத்து மாற்றுவதுதான் வழி. விலை குறைவு என்று வாங்கியவர்கள் இரண்டு தடவை வாங்குகிறார்கள்.

### வயரில் வேகம் இருக்கிறது, வைஃபையில் இல்லை

காற்று நெரிசல். திட்டமிடும் கருவிக்குப் பக்கத்து வீட்டைத் தெரியாது. ஊரில் நாம் மட்டும் இருப்பது போலக் கணக்குப் போடும். உப்புவெளிக் கடற்கரையில் வரிசையாகக் கெஸ்ட் ஹவுஸ்; அனலைசரைத் திறந்தால் முப்பது பெயர் வந்து விழும்.

முதலில் சனல். 2.4 கிகாவில் 1, 6, 11 இந்த மூன்று மட்டும். அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். "3இல் யாருமில்லை, அங்கே போகலாம்" என்று கெட்டித்தனம் காட்டினால் 1உம் 6உம் இரண்டும் சேர்ந்து அடிக்கும். 5 கிகாவில் அகலம் 80இல் இருந்தால் 40ஆகக் குறையுங்கள். வேகச் சோதனையில் காட்டும் பெரிய எண் குறையும். ஆட்கள் குறை சொல்வதும் குறையும்.

அடுத்தது, நாமே உண்டாக்கும் நெரிசல். ஒரு ரியூட்டரியில் ஒவ்வொரு முறை புகார் வரும்போதும் ஒரு அக்சஸ் பொயின்ட் வாங்கி மாட்டியிருந்தார்கள். மூன்று பெட்டி, மூன்றும் சனல் 6. ஒவ்வொன்றிலும் நாலு பெயர்: ஆசிரியர், மாணவர், அலுவலகம், விருந்தினர். ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு பெயரும் "நான் இருக்கிறேன்" என்று 102.4 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை கூவும். பழைய 1 மெகாபிட் வேகத்தில், 300 பைட் அளவுள்ள அந்தக் கூவலுக்கு 2.6 மில்லிசெக்கன் போகும். பன்னிரண்டால் பெருக்கினால் 31 மில்லிசெக்கன். அதாவது யாரும் எதுவும் பாவிக்காமல் சும்மா இருக்கும்போதே காற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இந்தக் கணக்கை அதிபருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நாலாவது பெட்டி வாங்க எடுத்து வைத்திருந்த காசை அவர் அப்படியே மேசை லாச்சியில் திரும்ப வைத்தார்.

செய்தது இவ்வளவுதான்: பெயர்களை இரண்டாக்கினோம், பெட்டிகளை 1, 6, 11க்குப் பிரித்தோம், 802.11பி என்ற பழைய வைஃபை முறையின் வேகங்களை அணைத்து ஆகக் குறைந்த வேகத்தை 6 மெகாபிட் ஆக்கினோம். ஒரு கூவலுக்கு அரை மில்லிசெக்கன் கூட ஆகாது. கவனிக்க: பழைய பில் மெஷின், மலிவான கமரா சில 802.11பி இல்லாமல் இணையாது. அணைக்கும் முன் அவற்றைக் கணக்கெடுங்கள்.

மூன்றாவது, ஒரே ஒரு மெதுவான ஆள். தோட்டத்து மூலையில் நின்று 6 மெகாபிட்டில் படம் பார்ப்பவர், அதே பக்கெட்டுக்கு (தகவல் துண்டுக்கு) 150 மெகாபிட்டில் இருப்பவரை விட இருபத்தைந்து மடங்கு நேரம் காற்றைப் பிடித்து வைத்திருப்பார். கன்ட்ரோலரில் (பெட்டிகளை ஆளும் மென்பொருளில்) ஒவ்வொரு இணைப்பின் வேகத்தையும் பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால் அது உண்மையில் அறிகுறி 1. அந்த மூலைக்குப் போய் அதைச் சரிசெய்யுங்கள்.

சமையலறைப் பக்கம் மட்டும், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என்றால் மைக்ரோவேவ். அங்கிருப்பவர்களை 5 கிகாவுக்கு மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 3: ஆள் கூடினால் படுத்துவிடுகிறது

இரண்டு விதம் உண்டு. இணையவே முடியவில்லையா, இணைந்தும் மெதுவா என்று முதலில் கேளுங்கள்.

### "இணைகிறது" என்று காட்டி அப்படியே நிற்கிறது

ரூட்டர் ஒவ்வொரு ஃபோனுக்கும் கொடுக்கும் ஐபி முகவரி தீர்ந்துவிட்டது. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், விரல் விட்டு எண்ணலாம். கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் மணிக்கு 40 பேர் வந்து போகிறார்கள். ரூட்டர் கொடுக்கக்கூடியது 100 முகவரி. கொடுத்த முகவரியை 24 மணி நேரத்துக்குத் திரும்ப வாங்காது. இரண்டரை மணி நேரத்தில் கை வெறுமை. முகவரியைத் திரும்ப வாங்கும் அந்த வாடகை நேரத்தை ஒரு மணி ஆக்கினால், ஆள் ஒரு மணி நேரம் இருந்து போனாலும் எந்நேரமும் 80க்கு மேல் போகாது. இரண்டு நிமிட வேலை. இதற்காக ரூட்டரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

### இணைந்தும் மெதுவாக இருக்கிறது

எத்தனை பேருக்கு எத்தனை பெட்டி என்ற கேள்விக்கு நிற வரைபடம் பதில் சொல்லாது. ஒவ்வொரு பக்கெட்டும் போய் வருவதையே போலச் செய்துகாட்டும் கருவி வேண்டும். நான் பாவிப்பது என்எஸ்-3. இலவசம், லினக்ஸில் ஓடும், சி பிளஸ் பிளஸ் அல்லது பைதன் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ரியூட்டரி மண்டபத்தில் 60 பிள்ளைகள், ஆளுக்கு 2 மெகாபிட் வீடியோ என்று வைத்து 10, 20, 40, 60 என ஏற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் முறிகிறது என்று தெரியும். ஒரு விஷயம் கண்ணால் பார்த்தால்தான் புரியும்: ஆள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைப்பது வெறும் பங்குக் கணக்கில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். மோதல்கள் நடுவில் தின்றுவிடும்.

முடிவு முட்டாள்தனமாக வந்தால் பார்க்க வேண்டியவை, நான் சறுக்கிய வரிசையில்: தூர இழப்பு மாதிரியில் முதல் மீற்றருக்கு 46.68 என்று ஏற்கெனவே போட்டிருக்கும். அது 5 கிகாவுக்கு உரியது; 2.4ஐ ஓட்டும்போது நீங்கள்தான் 40க்கு மாற்ற வேண்டும். வேகத்தை மாறாத ஒன்றாக வைத்திருந்தால் எல்லோரும் எங்கிருந்தும் ஒரே வேகத்தில் பேசுவார்கள், அது கனவுலகம். மின்ஸ்ட்ரல் போன்ற வேகம் மாற்றும் முறையைப் போடுங்கள். அறுபது பேரும் ஒரே நொடியில் தொடங்கினால் தொடக்கத்திலேயே குழப்பம்; ஆளுக்கு ஆள் சிறிது இடைவெளி விடுங்கள். ஒரு தடவை ஓட்டி வந்த எண்ணை நம்ப வேண்டாம். சீட்டைக் குலுக்குவது போல ரன் எண்ணை மாற்றிப் பத்துத் தடவையாவது ஓட்டிச் சராசரி எடுங்கள்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

ஒரே மண்டபத்தில் நூறு பேருக்கு மேல், எல்லோரும் ஒரே நேரத்தில் என்றால், நம் கைவேலை போதாது. திசை பார்த்து அனுப்பும் அன்டெனா, சனல் திட்டம் எல்லாம் தெரிந்தவர் வர வேண்டும். அவர் கையிலும் உங்கள் வரைபடத்தைக் கொடுங்கள். பாதி நாள் மிச்சம்.

## அறிகுறி 4: நடந்து போனால் அறுகிறது

வரவேற்பறையில் பேசிக்கொண்டே நீச்சல் குளம் வரை போனால் அழைப்பு அறும். குளத்தடியில் வேறு பெட்டி இருந்தும் ஃபோன் பழையதையே பிடித்துத் தொங்கும். எந்தப் பெட்டிக்குப் போவது என்பது ஃபோன் எடுக்கும் முடிவு. ஐபோன் -70க்குக் கீழே போனால்தான் அடுத்ததைத் தேடவே தொடங்கும்.

வரைபடத்தில் முதல் பெட்டியின் -70 கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்தக் கோட்டில் நிற்கும்போது அடுத்த பெட்டி -62க்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் நடுவில் ஓட்டை. தாராளமாகக் கிடைத்தும் மாறவில்லையென்றால் முதல் பெட்டி தேவைக்கு மேல் கத்துகிறது.

இரண்டாவதுதான் அடிக்கடி. எல்லோரும் சக்தியை "அதிகம்" என்று வைத்துவிடுகிறார்கள். பெட்டி 23 டிபிஎம்மில் அனுப்பும். ஃபோன்கள் பலவற்றால் அவ்வளவு முடியாது, 14, 15 அளவில்தான் அனுப்பும். கோவில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டவருக்கு வெறும் வாயால் பதில் சொல்வது போல. இங்கே கேட்கிறது, அங்கே எட்டவில்லை. திட்டமிடும் கருவிகளும் பெட்டியின் குரலை மட்டும் வரைந்து பச்சை காட்டும். ஆகவே வரையும்போதே சக்தியை 14 முதல் 17க்குள் வைத்து ஓட்டுங்கள். அப்போது தெரிவதுதான் உண்மை. பிறகு நிஜப் பெட்டியிலும் அதையே வையுங்கள். 2.4ஐ 5ஐ விட 6 டெசிபெல் குறைவாக வைத்தால் ஃபோன்கள் தாமாகவே 5 பக்கம் சாயும்.

எல்லாப் பெட்டியிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை இருக்கிறதா என்பதை முதலே பார்த்திருக்க வேண்டும். நான் பல தடவை கடைசியில்தான் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 5: 5 கிகா பெயர் திடீரென மறைந்து, பிறகு வருகிறது

"துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்திருக்கு, அதுதான்" என்று ஊரில் ஒரு கதை உண்டு. கப்பல்கள் வழி பார்க்கும் ரேடார் 3 கிகாவிலும் 9 கிகாவிலும் ஓடுவது; நம் வைஃபைக்கு அதனோடு வழக்கில்லை. ஆனால் சனல் 52 முதல் 144 வரை வேறு வகை ரேடார்களோடு பங்கு போடும் இடம். அங்கே ரேடார் போல ஏதாவது கேட்டால் பெட்டி உடனே விலக வேண்டும், அந்தச் சனலுக்கு 30 நிமிடம் திரும்பக்கூடாது. புதிய சனல் இதே வரம்பில் இருந்தால் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசத் தொடங்கும். அந்த ஒரு நிமிடம்தான் உங்களுக்குப் பெயர் மறைவது. மலிவான பெட்டிகள் இல்லாத ரேடாரையும் கேட்டதாகச் சொல்லும்.

லொக்கில் (பெட்டி எழுதி வைக்கும் பதிவில்) ரேடார் என்றோ டிஎஃப்எஸ் (ரேடாருக்கு இப்படி வழி விடும் முறை) என்றோ வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 36 முதல் 48க்குள் ஒரு சனலை நிலையாக வையுங்கள். பல பெட்டி இருந்து எல்லாவற்றையும் அங்கே அடைத்தால் நெரிசல் வரும். அகலத்தை 20 ஆக்கி, எந்தப் பெட்டி எதைப் பிடிப்பது என்று வரைபடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த பெட்டி என்றால் நாடு "இலங்கை" என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

லொக்கில் அந்த வரி இல்லை, பெட்டி முழுதாகவே நின்று எழும்புகிறது என்றால் கரண்ட் விஷயம். பழைய பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் கொடுப்பது) ஒரு வாய்க்கு 15.4 வாட் தரும். புதிய பெட்டிகள் சிலவற்றுக்கு 25 வாட் வரை வேண்டும். ஆள் குறைந்த நேரம் தாங்கும், வேலை கூடினால் விழும். கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் என்றால் ஒரு சிறு யூபிஎஸ்.

## அறிகுறி 6: சிமுலேஷன் எல்லா இடத்திலும் தவறு

ஒரு மூலையில் பிழை என்றால் அந்த மூலையில் ஏதோ இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிழை என்றால் வரைபடத்தில்தான் பிழை. முதலில் அளவு. நம் வரைபடங்கள் அடியில். கருவி கேட்பது மீற்றர். 40 அடி மண்டபத்தை 40 மீற்றர் என்று கொடுத்துவிட்டு நாலு பெட்டிக்கு விலைப் பட்டியல் போட்ட ஆள் நான்தான். கடைக்குப் போகும் வழியில் மடத்தடிச் சந்தியில் நிற்கும்போது பொறி தட்டியது.

அடுத்தது சுவர். கருவியில் இருக்கும் பட்டியலில் மெல்லிய பலகைச் சுவர்தான் முதலில் நிற்கும். அதையே தேர்ந்தெடுத்தால் நம் சீமெந்துக் கல் சுவர் காகிதமாகிவிடும். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்து, வித்தியாசத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பழைய கோட்டைக் காலத்துத் தடித்த சுவர் உள்ள கட்டடங்களுக்கு இது கட்டாயம்.

## அறிகுறி 7: காற்றோ மழையோ வந்தால் மட்டும்

### மழை பெய்து முடிந்த பிறகு

ஒக்டோபர், நவம்பர் மின்னல் மாதம். இடி இடித்த இரவுக்கு மறுநாள் வெளியில் உள்ள பெட்டி மட்டும் செத்திருந்தால் சுவிட்சில் அந்த வாயும் செத்திருக்கலாம். வேறு வாயில் போட்டுப் பாருங்கள். வேலை செய்தால் வயரை அங்கேயே விட்டுவிட்டு, மின்னல் தடுப்பானும் நில இணைப்பும் போடத் தெரிந்த மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். இது நாம் பழகிப் பார்க்கும் வேலையில்லை. பெட்டி உயிரோடு இருந்து வேகம் மட்டும் குறைந்திருந்தால் வயர் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வயர் உள்ளே போகும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

### கச்சான் வீசும்போது

நிலாவெளியில் ஒரே முதலாளிக்கு வீதியின் இரு பக்கமும் இரண்டு இடம். 700 மீற்றர் தூரத்துக்கு 5.8 கிகாவில் ஒரு நேர் இணைப்பு போட்டிருந்தோம். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. நாலாவது வருடம் ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேல் காற்று) எழுந்தால் போதும், விட்டு விட்டு வரும். காற்று அடங்கினால் கண்ணாடி போல.

முதலில் தூண் ஆடுகிறதா என்று பார்த்தோம், ஆடவில்லை. திருகுகளை முறுக்கினோம். இணைப்புக் கணிக்கும் கருவியில் ஓட்டினால் எல்லாம் சுத்தம் என்றது. அதற்கு நிலத்தின் மேடு பள்ளம் தெரியும், தென்னை தெரியாது. இந்தத் தூரத்துக்கு நடுவழியில், நேர்கோட்டைச் சுற்றி 3 மீற்றர் ஆரத்துக்கு இடம் வேண்டும், குறைந்தது 1.8 மீற்றராவது ஒன்றும் தட்டாமல் இருக்க வேண்டும். போடும்போது நாலு மீற்றர் இருந்தது. தூணில் ஏறி மறுமுனையை நேராகப் பார்த்தபோது கோட்டுக்கு ஒரு மீற்றர் கீழே தென்னை ஓலை ஆடிக்கொண்டிருந்தது. காற்றில் அது எழும்பி நடுவே வந்து வந்து போனது.

தூணை மூன்று மீற்றர் உயர்த்தினால் தீரும் என்று கணக்குக் காட்டியது. அதற்குக் கம்பி கட்ட வேண்டும், ஆள் வேண்டும், காசு. மரத்தைத் தறிக்க அந்த மரத்துக்குரிய வீட்டு அம்மா விடவில்லை. நல்ல காய்க்கிற மரம். தேங்காய் பறிக்க வருகிறவரிடம் வீதிப் பக்கம் சாயும் ஓலைகளையும் சேர்த்து இறக்கச் சொல்லியிருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். அவர் வரப் பிந்தினால் எனக்கு ஃபோன் வரும்.